பத்து ரூபாய் உலா

திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலுக்கு அணித்தான ஒரு சந்தில், ஒரு கூடமும் ஓர் அடுக்களையுமாக நாங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டில், இரவு பதினொரு மணிக்கு மேல் ஓர் ஓசை கேட்கும். பகலெல்லாம் ரிக்‌ஷாக்களின் மணியொலியும், குழாயடிப் பூசலும், சந்து முனைத் தேநீர்க் கடையின் வானொலியும் அதை மூடி மறைத்திருக்கும். அவை யாவும் அடங்கிய பின்னர், யாரோ தொலைவில் ஓயாமல் பாய் விரித்துச் சுருட்டுவது போன்ற அந்த ஓசை எழும்.

1980-ஆம் ஆண்டில் ஓர் இரவு. பிள்ளைகள் உறங்கிவிட்டனர். "அது என்ன இரைச்சல்?" என்று என் மனைவி கேட்டாள்.

"கடல்தான்" என்றேன்.

"இவ்வளவு பக்கத்திலா?"

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சென்னைக்கு வந்து அப்போது பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. கடல் எங்கள் வீட்டிலிருந்து கால்மணி நேர நடை. அதை அவள் இன்னும் பார்த்ததில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஊர் காயல்பட்டினம். அவ்வூரின் வழக்கத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். அங்கே பெண் மணமான பின்னரும் தாய் வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண்கள் வீடு விட்டு வீடு போய்வர முடுக்கு எனப்படும் குறுகிய சந்துகள் உண்டு. ஆடவர் நடமாடும் தெருவில் கால் வைக்காமலே ஒரு பெண் ஊரின் பாதியைச் சுற்றிவிட முடியும். ஆண்கள் கொழும்பு, ஹாங்காங் என்று வணிகத்துக்குப் போவார்கள். பெண்கள் தாயோடும் தமக்கைமாரோடும் இருப்பார்கள். எனக்கோ வணிகம் வாய்க்கவில்லை. பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதும் வேலை. ஏழாண்டுகள் உணவு விடுதியில் உண்டு வயிறு கெட்டு, இரண்டு இடத்துச் செலவைத் தாங்க இயலாமல், 1979-இல் அவளையும், மூன்று வயது மகளையும், கைக்குழந்தையான மகனையும் அழைத்து வந்தேன். அவர்கள் குடும்பத்தில் தாய் வீட்டைவிட்டு வெளியூரில் குடித்தனம் வைத்த முதற்பெண் அவள். இருபது பெண்களின் குரல் கேட்டு வளர்ந்தவளை, சுவரைத் தவிர வேறு துணையற்ற ஒரு கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்தேன்.

ஏன் அவளை எங்கும் அழைத்துச் செல்லவில்லை? காரணம் இரண்டு. ஊர் சுற்றுவது பணம் படைத்தவர்களின் வேலை என்று எண்ணியிருந்தேன். மாலை நேரத்து மெரினாவில் பெண்டு பிள்ளைகளோடு நம் ஊரார் எவரேனும் கண்டுவிட்டால் என்ன பேசுவார்களோ என்ற அச்சமும் இருந்தது. முதலாவது அறியாமை; இரண்டாவது கோழைத்தனம். அன்று இவற்றை அவ்வாறு பெயரிட்டு அழைக்க நான் துணியவில்லை.

எங்கள் மண்டிக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அடுத்த வெள்ளியன்று சுபுஹுத் தொழுகை முடிந்து வந்ததும், "புறப்படு, கடலுக்குப் போவோம்" என்றேன். பிள்ளைகளைத் தூக்கத்தோடு தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். விடியற்காலை மெரினாவை அறிந்தவர்கள் சொல்வார்கள்: மாலையில் பார்ப்பது வேறு, அது வேறு. சுண்டல் விற்கும் சிறுவர்கள் இல்லை, கூட்டம் இல்லை. கட்டுமரம் இறக்கும் மீனவர்களும், நடைபயிலும் ஓரிரு முதியவர்களும்தான். எங்கள் ஊரிலும் கதிரவன் கடலிலிருந்துதான் எழுவான். ஆகவே அக்காட்சி அவளுக்குப் புதிதன்று. புதிதாயிருந்தது அலை. மன்னார் வளைகுடாக் கடல் பெரும்பாலும் அடக்கமானது. கரையை வந்து தொட்டுவிட்டுப் பணிவாகத் திரும்பும். மெரினா அப்படியன்று. கணுக்காலளவு நீரில் நின்றவள் முதல் அலைக்கே பின்வாங்கி, "இது கோபக்காரக் கடல்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சென்னைக்கு வந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான்.

திரும்பும்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தேன். துறைமுகம் கட்டப்பட்ட பிறகு மணல் சேர்ந்து சேர்ந்துதான் கரை இத்துணை அகலமாயிற்று என்பதையும், கிராண்ட் டஃப் என்ற ஆளுநர் 1884-இல் கடலோர நடைபாதையை அமைத்து அதற்கு மெரினா எனப் பெயரிட்டார் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியாது. அவள் திரும்பித் திரும்பிக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று எங்களுக்கான செலவு, வரும் வழியில் வாங்கிய பாலுக்குக் கொடுத்த காசு மட்டுமே.

அதன் பின்னர் பால்மாவு டப்பா ஒன்றில் துளையிட்டு, மாதம் பத்து ரூபாய் அதில் போடுவது என்று முடிவு செய்தோம். அதற்குள் அடங்கும் உலாவுக்கு மட்டுமே போவது, அடங்காவிட்டால் நடப்பது. கட்டுச்சோறு வீட்டிலிருந்து வரும். புளிச்சோறும் அவித்த முட்டையும் பெரும்பாலும். கையில் இறால் கிடைத்த வாரத்தில் எங்கள் பக்கத்து வாடா. அந்த வாடாவின் மணத்துக்குப் பேருந்தில் அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்ப்பதும், அவள் வெட்கத்தோடு தூக்குச்சட்டியை மடியில் மறைப்பதும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

கடற்கரைச் சாலையிலேயே பல வெள்ளிகள் கழிந்தன. உழைப்பாளர் சிலையைத் தாண்டும் போதெல்லாம், "இன்னும் அந்தக் கல்லை நகர்த்தவில்லையே!" என்பாள் மகள். 1959-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து நிறுவிய அந்த நால்வரும் என் பிள்ளைகளுக்கு உறவினர் போல் ஆகிவிட்டனர். ஐஸ் ஹவுஸ் கட்டடத்தைக் காட்டி, அமெரிக்காவில் உறைந்த ஏரியை அறுத்துப் பாளம் பாளமாகக் கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, 1842-இல் கட்டிய இந்த வீட்டில்தான் வைத்து விற்றார்கள் என்று சொன்னபோது மகன் நம்பவில்லை. பனிக்கட்டி கப்பலிலேயே கரைந்துவிடாதா என்று கேட்டான். மரத்தூளைப் போர்த்தி வருவார்கள் என்றேன். அதன் பிறகும் அவன் நம்பவில்லை.

பெரிய பள்ளியைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. நம் வாசகர்கள் அறிந்ததே. 1795-இல் வாலாஜா நவாபின் குடும்பத்தார் எழுப்பிய அக்கருங்கல் மண்டபத்துக்குள், அது கட்டப்பட்ட ஆண்டைப் பாரசீக எழுத்துகளின் எண்மதிப்பில் பொதிந்து பாடியவர் மக்கன் லால் என்ற இந்துப் புலவர் என்பதை மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். நோன்பு மாதத்தில் அங்கே நோன்பு திறப்போர்க்கு உணவு பரிமாறுவோர், நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாநிலத்தைவிட்டு வந்த ஒருவர் தொடங்கிய சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள். வளாகத்தில் காயிதே மில்லத் அவர்களின் அடக்கத்தலமும் இருக்கிறது. மகளைத் தொழுமிடத்துக்குள் அழைத்துச் செல்ல இயலாததால், "தம்பிக்கு மட்டும்தானா?" என்று அவள் முகம் சுளிப்பாள். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை.

ஒருநாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டோம். கட்டுச்சோறு, தண்ணீர்க்குடுவை, மாற்றுச்சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு பாந்தியன் சாலையில் போய் இறங்கினால் வாயிற்கதவு மூடியிருந்தது. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமையாம்! வெள்ளியன்று எனக்கு விடுமுறை என்பதையே எண்ணிக்கொண்டிருந்த நான், உலகில் வேறெவர்க்கும் அன்று விடுமுறை இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. மகன் அழத் தொடங்கினான். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்வதென்று அறியாமல் எழும்பூர் நிலையத்துக்கு நடத்திச் சென்று, தாம்பரத்துக்குப் பயணச்சீட்டு வாங்கி மின்தொடர் வண்டியில் ஏற்றினேன்.

அதுதான் எங்கள் உலாக்களில் எல்லாம் சிறந்ததாக முடிந்தது. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இலிருந்து மின்வண்டி ஓடுகிறது. அந்நாளில் அது மீட்டர் பாதை. பெண்கள் பெட்டியில் அவளும் மகளும். அடுத்த பெட்டியில் நானும் மகனும். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்தோம். பரங்கிமலையைக் கண்டோம். மீனம்பாக்கத்தருகே விமானம் ஒன்று எங்கள் தலையைத் தொட்டுவிடுவது போலத் தாழ்ந்து இறங்கிற்று. பெட்டியிலிருந்த பெரியவர்களும் ஓவென்று கூவினர். பல்லாவரத்தில் தோல் பதனிடும் நாற்றம் வந்தபோது மகன், "வாப்பா மணம்!" என்றான். நான் நாளும் சுமந்து வருவது அந்த மணத்தைத்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த குரோம்பேட்டை, குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற ஊர் என்று அவனுக்கு விளக்கினேன். தொழிலைப் பற்றி நான் பெருமையோடு பேசியது வாழ்வில் அந்த ஒரு தடவைதான். தாம்பரத்து நடைமேடையில் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினோம். அவ்வழியே அகலப்பாதை வந்து, பழைய மீட்டர் பாதை மின்வண்டி 2004-இல் நிறுத்தப்பட்டது. வழித்தடமும் அந்த விமானங்களும் இன்றும் அப்படியே.

அருங்காட்சியகத்தைப் பின்னொரு நாள் அரைநாள் விடுப்பெடுத்துப் பார்த்தோம். 1851-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் வெண்கலச் சிலைகளைக் காண அயல்நாட்டார் கடல்கடந்து வருகின்றனர். என் பிள்ளைகளோ திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைவிட்டு நகர மறுத்துவிட்டனர். அதன் விலா எலும்புகளைக் கண்டதும் என் மனைவி, யூனுஸ் நபி (அலை) அவர்கள் மீன் வயிற்றில் இருந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கினாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆயினும் அரபுத்தமிழ் நூல்களைச் சிறு வயதிலிருந்தே தாயாரோடு ஓதி வந்தவள். இருளையும், கடலின் இருளையும், மீன் வயிற்றின் இருளையும் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் நின்ற வேறு பிள்ளைகளும் கூடிவிட்டனர். காவலர்கூட விரட்டாமல் கேட்டுக்கொண்டு நின்றார். ஊரில் இருந்த காலத்தில் முடுக்கு வழியே நாலு வீட்டுப் பிள்ளைகள் இவளிடம் கதை கேட்க வருவார்களாம். எனக்கு அது அதுவரை தெரியாது.

மூர் மார்க்கெட் என் மண்டிக்கு நடைதொலைவு. 1900-இல் கட்டிய அச்செங்கல் கட்டடத்தில் பழைய நூல்களும், கிளிகளும், புறாக்களும், கிராமபோன் தட்டுகளும் விற்கும். வாங்க வேண்டுமென்பதில்லை; பார்த்தாலே போதும். மகளுக்கு அட்டை கிழிந்த நிலப்பட நூல் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தேன். 1985 மே 30-இல் அது தீக்கிரையாயிற்று. பின்னர் வேலைக்குப் போகும் வழியில், கருகிய தாள்கள் சாலையெங்கும் ஒட்டிக் கிடக்கக் கண்டேன். வீட்டில் சொன்னபோது மகள் உள்ளே சென்று, தன் நிலப்பட நூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

நல்லவற்றையே எழுதிக்கொண்டு போனால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். அடுத்த ஆண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த நெருங்கிய உறவினர் ஒருவர் பிள்ளைகளை வாடகைக் காரில் ஏற்றி, பெரிய விடுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்று, கண்ணாடிக் கோப்பையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அன்பினால் செய்தார், குற்றம் சொல்வதற்கில்லை. அடுத்த வெள்ளி காலை நான் செருப்பை மாட்டும்போது மகன், "இன்றைக்கும் நடந்துதானா?" என்றான். ஏழு வயது. நான் அவனை அறைந்துவிட்டேன்.

அன்று யாரும் எங்கும் போகவில்லை. மனைவி ஒரு சொல்லும் சொல்லாமல் கட்டுச்சோற்றை வீட்டிலேயே தட்டில் போட்டு வைத்தாள். டப்பா அலமாரியிலேயே இருந்தது. இரண்டு வெள்ளிகள் அவ்வாறே கழிந்தன. மூன்றாம் வெள்ளியன்று, தொழுதுவிட்டு வந்தால், மகன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கிண்டிக்குப் போய் மான்களைப் பார்த்தோம். அவன் அந்த அறையை மறந்துவிட்டானா என்று கேட்கும் துணிவு இன்றளவும் எனக்கு வரவில்லை.

பிள்ளைகள் வளர்ந்தனர். 1988-இல் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் திறந்த பின்னர் அங்கே அழைத்துச் சென்றதுதான் டப்பாவின் கடைசிப் பெருஞ்செலவு. பெருநாள் பிறை ஏன் மேற்கே அவ்வளவு தாழ்வில், அவ்வளவு குறைந்த நேரமே தெரிகிறது என்பதை அந்த இருண்ட அரங்கில் அண்ணாந்து கிடந்துதான் நானும் விளங்கிக்கொண்டேன். அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் சாய்ந்த செய்தியைக் கேட்டு, அதைப் பார்க்க நானும் அவளும் மட்டும் போனோம். மகளுக்குத் தேர்வு, மகனுக்கு நண்பர்கள். தாய்மரம் போனாலும் விழுதுகள் தாமே மரங்களாக நின்றன. வெகுநேரம் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

மகன் இப்போது துபாயில் இருக்கிறான். அவன் மகள் சென்ற கோடை விடுமுறையில் எங்களிடம் பத்து நாள் இருந்தாள். பதினொரு வயது. அங்காடி மாளிகைகளிலேயே வளர்ந்த குழந்தை. வந்த அன்றே, "அப்பா, இங்கே பெரிய மால் எது?" என்று கேட்டாள். பாட்டனாரை அப்பா என்று அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். நான் வாய் திறக்குமுன் என் மனைவி, "மாலைப் பிறகு பார்க்கலாம், நாளைக்கு நான் அழைத்துப் போகிறேன்" என்றாள்.

அவளுக்கு இப்போது முழங்காலில் வலி. கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. ஆயினும் வெளியே செல்வதில் என்னைவிட அவளுக்கே ஆர்வம் மிகுதி. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு ஆணையிட்டது. அதிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய பேருந்து வந்தால், "நாங்கள் இருவரும் இலவசம்; உங்கள் பாட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். நான் முதியோர்க்கு மாதந்தோறும் தரும் பத்து டோக்கன்களில் ஒன்றைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவுகிறேன்.

பத்து நாள்களில் நூற்றுக்கணக்கில் செலவில்லாமல் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தோம். 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் குழந்தை மூன்று மணி நேரம் எங்களை மறந்துவிட்டாள். அங்கே நுழைவுக்குக் காசில்லை. குளிரூட்டிய இடம் வேண்டுமென்று ஏங்கும் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த மாளிகை இந்நகரில் இல்லை என்பது என் தீர்ப்பு. திருவல்லிக்கேணியிலிருந்து அங்கே செல்ல, பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயில் இருக்கிறது. கால்வாய் நாறத்தான் செய்கிறது. மேலேயிருந்து பார்க்கும்போது மொட்டைமாடிகளும், காயும் துணிகளும், கோபுரமும் தென்னையுமாக ஊரே விரிகிறது. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் டப்பா மாதம் முழுவதும் நிறைந்தே இருந்திருக்கும்.

அந்த வண்டியில்தான், ஜன்னலோரம் குழந்தை நிற்க, எதிரில் அமர்ந்திருந்த என் மனைவி எவ்வித முன்னுரையுமின்றிச் சொன்னாள்: "நீங்கள் முதன்முதல் கடலுக்கு அழைத்துப் போனீர்களே, அந்த வாரம் நான் உம்மாவுக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தேன்."

"என்ன கடிதம்?"

"இங்கே இருக்க முடியாது, காக்காவை அனுப்பி என்னையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகச் சொல்லி."

நாற்பத்தைந்து ஆண்டுகள். அந்த ஒரு கூடத்து வீட்டில், நான் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து எழுதிய அதே பலகையில் அவள் அதை எழுதியிருக்க வேண்டும். என் கண்ணில் படவில்லை. வண்டி இரண்டு நிலையங்களைக் கடந்த பின்னரே எனக்குப் பேச வந்தது.

"ஏன் அனுப்பவில்லை?"

"எப்படி அனுப்புவது? தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களிடம்தானே கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும்? வெள்ளிக்கிழமை கொடுக்கலாம் என்றிருந்தேன்."

கோட்டூர்புரம் வந்துவிட்டது. கைத்தடியை ஊன்றி அவள் எழுந்தாள். குழந்தை முன்னே ஓடினாள்.

அவள் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மெரினாவுக்குப் போனோம். மணலில் நடக்க இயலாதவர்களுக்காக 2022 நவம்பரில் அங்கே ஒரு மரப்பாதை திறந்தார்கள். சுமார் 260 மீட்டர் நீளம். கடலின் அருகே வரை செல்கிறது. அடுத்த மாதமே வீசிய மாண்டஸ் புயல் அதன் முனையைப் பெயர்த்துவிட, மீண்டும் செப்பனிட்டார்கள். என் மனைவி பலகைகளில் தடியைத் தட்டித் தட்டி, இடையில் இரண்டு முறை நின்று, முனை வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே நின்று பார்த்தாள்.

"கோபம் குறையவே இல்லை" என்றாள்.

சுண்டல் விற்பவர் வந்தார். தேங்காய் மாங்காய் போட்டு மூன்று பொட்டலம் கேட்டேன். குழந்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன தானியம், ஏன் காகிதத்தில் தருகிறார்கள், தண்ணீருக்குள் போகலாமா என்று ஒரே மூச்சில் கேட்டாள். கணுக்கால் வரைக்கும் போகலாம், பாட்டியின் கண்ணுக்குத் தெரியும்படி நில் என்றேன். செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.